எவ்வளவு இத்தாலியம் போதும்?

சென்ற ஆண்டு எங்கள் வாசிப்பு வட்டத்தில் தாந்தேயின் 'டிவைன் காமெடி'யை ஆங்கில மொழிபெயர்ப்புகளின் வழியாகப் படிக்கத் தொடங்கினோம். இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துப் படித்தபோது ஒரே அடி இரண்டிலும் வெவ்வேறு தொனியில் ஒலிப்பதைக் கண்டோம். மூலத்தை ஒருமுறையேனும் எட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் எழுந்தது. எங்களில் மூவர் இத்தாலிய மொழி கற்க அமர்ந்தனர். ஒருவருக்குத் தாந்தே வேண்டும். இன்னொருவர் மேற்கத்திய இசையில் ஈடுபாடு உடையவர். ஓபராவில் பாடப்படுவதைக் காதால் கேட்டே புரிந்துகொள்ள விரும்பினார். மூன்றாமவரின் மகள் மிலான் நகரில் படிக்கிறாள். அங்கு சென்று தங்கும் சில வாரங்களில் கடைத்தெருவில் திணறாமல் இருந்தால் போதும் என்றார். ஆறு மாதங்களுக்குப் பின் மூவரும் ஒரே கேள்வியோடு வந்தனர்: எவ்வளவு கற்றால் ஒரு மொழி தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாம்?

அந்தக் கேள்விக்கு விடை தேடி, நமக்கு முன் இத்தாலியம் கற்றவர்களின் வரலாற்றைப் புரட்டினோம். அரசவையினர், கவிஞர்கள், பாடகர்கள், கைதிகள், புலம்பெயர்ந்த தொழிலாளிகள் எனப் பலரும் அங்கே இருந்தார்கள். நாம் சற்றும் எதிர்பாராத ஒரு கூட்டமும் இருந்தது: இத்தாலியர்கள்.

*

முதலில், எந்த இத்தாலியம் என்பதே ஒரு கேள்வி. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாந்தே மக்கள் மொழியின் சிறப்பைப் பற்றி ஒரு நூல் எழுதத் தொடங்கினார். மக்கள் மொழியைப் போற்றும் அந்த நூலை அவர் எழுதியது லத்தீனில். அதை முடிக்கவும் இல்லை. இத்தாலியத் தீபகற்பத்தில் குறைந்தது பதினான்கு வழக்குகள் இருப்பதாக அதில் கணக்கிட்டு, ஒவ்வொன்றாகச் சோதித்து, உயர்ந்த இலக்கியத்துக்குத் தகுதியான ஒன்று எந்த ஒரு நகரத்திலும் இல்லை என்று முடிவுகட்டினார். தம் சொந்த ஊரான ஃப்ளோரன்ஸின் வழக்கையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆனால் பின்னர் அவருடைய காவியமே ஃப்ளோரன்ஸின் வழக்கை நாடறியச் செய்தது.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1525இல், பியேத்ரோ பெம்போ என்னும் அறிஞர் எழுத்து மொழிக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். செய்யுளுக்குப் பெத்ரார்க்கையும் உரைநடைக்குப் பொக்காச்சியோவையும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. இருவரும் அவருக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் முந்தியவர்கள். பெம்போவோ வெனிஸ் நகரத்தவர்; அவரே ஏடுகளிலிருந்து கற்ற மொழிதான் அது. 1583இல் ஃப்ளோரன்ஸில் தோன்றிய க்ரூஸ்கா கழகம் 1612இல் தன் பேரகராதியை வெளியிட்டபோது, எழுத்து மொழி ஏறக்குறைய உறுதிப்பட்டுவிட்டது. வீட்டில் ஒன்று, சந்தையில் ஒன்று, ஏட்டில் ஒன்று என்ற நிலை நமக்குப் புதிதன்று. செந்தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் நடுவே வாழ்பவர்களுக்கு இத்தாலியின் இக்கட்டை விளக்கவே வேண்டியதில்லை.

*

வெளிநாட்டவருக்கு இத்தாலியம் கற்பித்தவர்களில் ஜான் ஃப்ளோரியோ குறிப்பிடத்தக்கவர். சமயக் காரணங்களால் நாடு துறந்த ஓர் இத்தாலியரின் மகனாக லண்டனில் பிறந்தவர். 1578இல் அவர் வெளியிட்ட முதல் பாடநூலில் இத்தாலியமும் ஆங்கிலமும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளாக அச்சிடப்பட்டிருந்தன. இலக்கண விதிகளைவிட உரையாடல்களுக்கே அதில் முதன்மை. வழி கேட்பது, விருந்தில் பேசுவது, பெண்களைப் புகழ்வது, நாடகம் பார்க்கப் போகலாமா என்று அழைப்பது என்று அவை செல்கின்றன. இன்றைய பயணிகளுக்கான கையேடுகளின் முன்னோடி என்றே அதைச் சொல்லலாம்.

அந்த உரையாடல்களில் ஒன்றில், ஆங்கில மொழியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்கிறார். இங்கிலாந்துக்குள் அது பயன்படும், டோவர் துறைமுகத்தைத் தாண்டினால் ஒன்றுக்கும் ஆகாது என்று விடை வருகிறது. இன்று அதைப் படிக்கும் எவருக்கும் புன்னகை வரும். ஆனால் பதினாறாம் நூற்றாண்டில் அது வெறும் நடைமுறை உண்மை. வணிகம், தூது, இசை, வாட்போர் எனப் பல துறைகளுக்கு இத்தாலியமே வாயிலாக இருந்தது. 1598இல் ஃப்ளோரியோ பெரியதோர் இத்தாலிய–ஆங்கில அகராதியை வெளியிட்டார். பின்னர் முதலாம் ஜேம்ஸின் அரசியான ஆனுக்கே மொழியாசிரியராக அமர்ந்தார். அவருடைய மாணவர்களுக்கு வேண்டியிருந்தது மேன்மக்கள் அவையில் தலைகுனியாமல் பேசும் அளவு. அந்த அளவை அவர் இழிவாகக் கருதவில்லை. அதற்கென்றே உழைத்து நூல் செய்தார்.

இதற்கு நேர் எதிர்முனையில் மில்டன் நிற்கிறார். 1638இல் இத்தாலிக்குப் பயணம் மேற்கொள்ளும் முன்னரே இத்தாலிய மொழியில் கவிதை எழுதியவர் அவர் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஐந்து சானெட்டுகளும் ஒரு கன்ஸோனேயும் 1645இல் வெளிவந்த அவர் தொகுப்பில் உள்ளன. அத்தகையவர் 1638 செப்டம்பரில், ஃப்ளோரன்ஸில் தங்கியிருந்தபோது, பெனெதெத்தோ புவோன்மத்தேயி என்னும் இலக்கண ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். தஸ்கன் மொழிக்குப் பெரியதோர் இலக்கணம் இயற்றிக்கொண்டிருந்த அவரிடம் மில்டன் வேண்டியது இரண்டு. எங்களைப் போன்ற அயலாருக்காகச் சரியான உச்சரிப்பைப் பற்றியும் சில சொற்கள் சேருங்கள். தலைசிறந்த சிலரைத் தவிர வேறு யாரைப் படிக்கலாம் என்றும் வழிகாட்டுங்கள்.

அந்தக் கடிதத்தை அவர் லத்தீனில் எழுதினார் என்பதுதான் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. சானெட் எழுதுமளவுக்கு மொழி கைவந்தவர், ஓர் அறிஞரிடம் விண்ணப்பம் செய்யும்போது லத்தீனையே தேர்ந்தார். மொழியறிவை ஒரே ஏணியாக நினைப்பவர்களுக்கு இது விளங்காது. கவிதை இயற்றும் படியில் ஏறியவர், உச்சரிப்பில் கீழ்ப்படியிலேயே நின்று உதவி கேட்கிறார். ஏணிகள் பல, ஒவ்வொன்றிலும் ஒருவர் வெவ்வேறு படியில் நிற்கிறார்.

*

இரண்டாம் நண்பரின் ஆசைக்கும் ஒரு முன்வரலாறு உண்டு. ஜெர்மனியில் பிறந்து, இத்தாலியில் சில ஆண்டுகள் பயின்ற ஹாண்டெல், 1711இல் 'ரினால்டோ' என்னும் இத்தாலிய ஓபராவை லண்டனில் மேடையேற்றினார். அவையோரில் பெரும்பாலோருக்கு இத்தாலியம் தெரியாது. இரு மொழியிலும் அச்சிட்ட பாட்டுப் புத்தகங்கள் அரங்கில் விற்கப்பட்டன. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவற்றைப் புரட்டியபடியே மக்கள் கேட்டனர். அதே ஆண்டில் ஜோசப் அடிசன் தம் இதழில் இதைக் கேலி செய்தார். புரியாத மொழியில் நாடகம் கேட்க நம் முன்னோர் ஏன் சொந்த நாட்டிலேயே அயலார் போல அமர்ந்திருந்தார்கள் என்று பேரப்பிள்ளைகள் வியப்பார்கள் என்பது அவர் வாதம்.

தெலுங்குக் கீர்த்தனைகளைக் கேட்டுத் தலையசைத்த தமிழ் அவைகளும், அதை எதிர்த்து எழுந்து 1943இல் சென்னையில் சங்கம் கண்ட தமிழிசை இயக்கமும் இங்கே நம் நினைவுக்கு வருவது இயல்பே. அடிசனின் வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் இத்தாலிய ஓபரா லண்டனைவிட்டுப் போகவும் இல்லை. சொல் விளங்காதபோதும் உயிரெழுத்தின் நீட்சியும் சொல்லிறுதியின் திறப்பும் காதைப் பிடித்துக்கொண்டன. இன்றும் உலகெங்கும் இசைப் பள்ளிகளில் பாடகர்கள் இத்தாலிய உச்சரிப்பைத் தனிப் பாடமாகப் பயில்கிறார்கள். அவர்களுள் பலரால் ஓர் உணவகத்தில் தடையின்றிப் பேச முடியாது. ஆயினும் ஓர் இரட்டை மெய்யை எங்கே அழுத்த வேண்டும் என்பதை உரையாடத் தெரிந்த பயணியைவிட அவர்கள் நுட்பமாக அறிவார்கள்.

ஓபராவிலிருந்து வகுப்பறைக்கு வந்த ஒருவரின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். மொஸார்ட்டின் 'ஃபிகாரோ', 'டான் ஜோவான்னி', 'கோஸி ஃபான் தூத்தே' ஆகிய மூன்று ஓபராக்களுக்கும் பாடல் எழுதிய லொரென்ஸோ தா போந்தே, கடன்காரர்களுக்கு அஞ்சி லண்டனைவிட்டு 1805இல் அமெரிக்கா சேர்ந்தார். மளிகைக் கடை வைத்துப் பார்த்தார், நிலைக்கவில்லை. நியூயார்க்கில் ஒரு புத்தகக் கடையில் கிடைத்த அறிமுகத்தின் வழியாக நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இத்தாலியம் கற்பிக்கும் வாய்ப்பு வந்தது. 1825இல் கொலம்பியாக் கல்லூரி அவரைத் தன் முதல் இத்தாலியப் பேராசிரியராக அமர்த்தியது. ஊதியம் கிடையாது, மாணவர் தரும் கட்டணம் மட்டுமே. கொஞ்ச காலத்தில் மாணவர் வருகை நின்றது. பேராசிரியர் என்ற பட்டம் எஞ்சியது. 1826இல் நியூயார்க்கில் 'டான் ஜோவான்னி' முதன்முதலாக மேடையேறியபோது அவருக்கு வயது எழுபத்தேழு. தாம் எழுதிய சொற்கள் புரியாத ஒரு நகரத்தில், அவற்றைப் புரியவைக்கப் பல ஆண்டுகள் பாடம் நடத்திய ஆசிரியர் அந்த அரங்கில் என்ன உணர்ந்திருப்பார் என்பதை நம்மால் ஊகிக்க மட்டுமே முடியும்.

*

இனி, படிப்பதற்காக மட்டுமே கற்றவர்கள். கீட்ஸ் 1819 செப்டம்பரில் அமெரிக்காவிலிருந்த தம் தம்பிக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் தாம் அரியோஸ்தோவைப் படித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். ஓர் அமர்வில் ஆறு அல்லது எட்டுச் செய்யுள்களுக்கு மேல் நகர முடியவில்லை என்ற ஒப்புதலும் உடன் வருகிறது. ஆங்கிலத்தின் மிகச் சிறந்த கவிகளுள் ஒருவர், ஒரு மாணவனைப் போல அகராதியோடு போராடும் இந்தக் காட்சி எங்கள் முதல் நண்பருக்குப் பெரும் ஆறுதலாயிற்று. அவரும் அவ்வளவே நகர்ந்திருந்தார். கீட்ஸுக்குக் காலம் வாய்க்கவில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் நோயாளியாக ரோமுக்கு வந்தவர், 1821 பிப்ரவரியில் அங்கேயே மறைந்தார்.

ரஷ்யக் கவிஞர் ஓசிப் மண்டெல்ஷ்டாம் நாற்பதை ஒட்டிய வயதில் இத்தாலியம் கற்றார். தாந்தே ஒருவருக்காகத்தான். கற்கத் தொடங்கியதும், பேச்சின் எடை முழுவதும் வாயின் முன்புறத்துக்கு, உதடுகளுக்கு அருகே நகர்ந்துவிட்டது போல உணர்ந்ததாக 1933இல் எழுதிய கட்டுரையில் குறிப்பிடுகிறார். தாந்தேயைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டவற்றுள் அக்கட்டுரை மிக அசலானது என்று மதிப்பவர்கள் பலர். அவர் இத்தாலியத் துறைப் பேராசிரியர் அல்லர். அவர் அறிவில் இடைவெளிகள் இருந்திருக்கும். ஆனால் வாயாலும் நடையாலும் மூச்சாலும் ஒரு காவியத்தைப் படிக்க அந்த அறிவு போதுமானதாக இருந்தது. தெருவில் எங்கேனும் கைதாகிவிட்டால் உடனிருக்கட்டும் என்று தாந்தேயின் சிறு பதிப்பொன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார் என அவர் மனைவி நாதெஷ்தா நினைவுகூர்கிறார். 1934இல் கைதானார். மீண்டும் கைதாகி, 1938 டிசம்பரில் விளாதிவஸ்தோக் அருகே ஓர் இடைத்தங்கல் முகாமில் இறந்தார். அக்கட்டுரை அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை.

*

இத்தாலியர்களும் இத்தாலியம் கற்றார்கள் என்றோம். 1861இல் நாடு ஒன்றுபட்டபோது மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எழுத்தறியாதவர்கள். இத்தாலியம் என்று நாம் இன்று அழைக்கும் மொழியை அன்று எத்தனை பேர் கையாண்டனர் என்பது அறிஞரிடையே வழக்காக உள்ளது. தூல்லியோ தே மௌரோ 1963இல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு 2.5 பேர் என்றார். பின்வந்த கணக்குகள் ஏறத்தாழ பத்து என்கின்றன. எப்படிப் பார்த்தாலும், பத்தில் ஒன்பது பேருக்குத் தங்கள் நாட்டின் மொழி அயல்மொழி. அரசர் இரண்டாம் விக்டர் இம்மானுவேலின் பேச்சு பீட்மாண்ட் வழக்கிலும் பிரெஞ்சிலும் அமைந்தது. பிரதமர் கவூருக்கும் பிரெஞ்சே எளிது. மாஜினியின் சபதத்தைத் தமிழில் பாடிய பாரதியை அறிந்த நமக்கு, அந்த மாஜினி கனவு கண்ட நாடு தன் குடிமக்களுக்குப் பொதுமொழி இல்லாமலே பிறந்தது என்பது வியப்பூட்டும் செய்தி.

இதன் வேதனையை நன்கறிந்தவர் அலெஸ்ஸாந்த்ரோ மான்ஸோனி. மிலான்காரர். வீட்டில் மிலான் வழக்கு, அறிஞர் வட்டத்தில் பிரெஞ்சு. 1827இல் அவருடைய 'மணம் பேசப்பட்டவர்கள்' நாவல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. அவருக்கோ நிறைவில்லை, அது ஏட்டு மொழியாக, பல நிறத் துணிகளை ஒட்டுப்போட்டது போல இருப்பதாக உணர்ந்தார். அவ்வாண்டே குடும்பத்தோடு ஃப்ளோரன்ஸுக்குச் சென்று மக்கள் பேசுவதைக் கேட்டார். தம் துணிகளை ஆர்னோ ஆற்றில் அலசுவதாக அவர் சொன்னது இன்றுவரை பழமொழியாக வழங்குகிறது. பின்னர் எமிலியா லூத்தி என்ற ஃப்ளோரன்ஸ் பெண் அவர் குடும்பத்தில் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக வந்தபோது, சொல் சொல்லாக அவரிடம் கேட்டுத் திருத்தினார். 1840 முதல் 1842 வரை வெளிவந்த திருத்திய பதிப்பே இன்று இத்தாலியப் பள்ளிகளில் படிக்கப்படுகிறது. ஒரு நாட்டின் தலையாய நாவலாசிரியர், தம் நாட்டு மொழியை வீட்டுப் பிள்ளைகளின் ஆசிரியையிடம் ஐயம் கேட்டுக் கற்றார். அதை அவர் மறைக்கவும் இல்லை.

மான்ஸோனி 1868இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் ஃப்ளோரன்ஸின் உயிர்ப்பேச்சையே நாடெங்கும் பள்ளிகளில் பரப்பலாம் என்றார். மொழியியலாளர் அஸ்கோலி 1873இல் அதை மறுத்தார். மேலிருந்து ஒரு நகரத்தின் வழக்கைத் திணித்து மொழி வளர்வதில்லை, அறிவுலகம் விரிந்தால் மொழி தானே ஒன்றுபடும் என்பது அவர் வாதம். உண்மையில் மக்களை ஒரு மொழிக்குள் கொண்டுவந்தவை பட்டாளம், நகரங்களுக்கான இடப்பெயர்ச்சி, செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி ஆகியவை. 1960 முதல் 1968 வரை இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியில் அல்பெர்த்தோ மான்ஸி என்ற பள்ளி ஆசிரியர் முதியோருக்கு எழுதப்படிக்கக் கற்பித்தார். காலம் ஒருபோதும் கடந்துவிடவில்லை என்ற பொருள்படும் தலைப்பு அந்நிகழ்ச்சிக்கு. பெரிய தாள்களில் கரித்துண்டால் விறுவிறுவென்று படம் வரைந்து, அதிலிருந்து எழுத்துக்கு வருவார். ஊர்ப் பொதுவிடங்களில் கூடியமர்ந்து உழவர்களும் வேலைக்காரப் பெண்களும் அதைப் பார்த்துக் கற்றனர்.

அதே காலத்தில், ஃப்ளோரன்ஸுக்கு வடக்கே பார்பியானா என்னும் மலைக் குக்கிராமத்தில் லொரென்ஸோ மிலானி என்ற பாதிரியார் உழவர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அரசுப் பள்ளிகளில் தோல்வியுற்று வெளியேற்றப்பட்ட சிறுவர்கள் அவர்கள். 1967 மே மாதத்தில் அம்மாணவர்கள் கூட்டாக எழுதிய நூல், ஓர் ஆசிரியைக்கு எழுதும் கடிதம் என்ற வடிவில் வெளிவந்தது. உங்கள் பள்ளி வழங்கும் மதிப்பெண் எங்கள் அறிவை அளப்பதில்லை, எங்கள் தந்தையர் எந்த மொழி பேசுகிறார்கள் என்பதையே அளக்கிறது என்பது அதன் சாரமான குற்றச்சாட்டு. மொழியே மனிதரைச் சமமாக்கும் என்பது மிலானியின் உறுதி. அடுத்த மாதமே அவர் நோயால் இறந்தார், வயது 44. மலையடிவார வழக்கில் பேசிய பிள்ளைகளுக்கு, ஒரு செய்தித்தாளைப் படித்து அதை எதிர்த்து வாதிடும் அளவு இத்தாலியம் வேண்டியிருந்தது. தாந்தேயை நாடும் எங்கள் நண்பரின் தேவையைவிட அது சிறியதா பெரியதா என்று சொல்ல நாங்கள் யார்?

*

இன்று இந்த அளவுகளுக்கெல்லாம் எழுத்தும் எண்ணும் இட்டுவிட்டார்கள். ஐரோப்பியக் கவுன்சில் 2001இல் வெளியிட்ட சட்டகத்தின்படி ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். ஆசிரியருக்கும் மாணவருக்கும் அது பயனுள்ள ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளுதல், கடையில் பேசுதல், கருத்தை விளக்குதல், நுண்பொருளை உணர்தல் என்று செயல்களைக் கொண்டு அது மொழியறிவை அளக்கிறது. ஆனால் சட்டகம் கையேட்டிலிருந்து அரசாணைக்கு நகரும்போது அதன் இயல்பு மாறிவிடுகிறது. 2010 முதல், இத்தாலியில் நீண்டகாலக் குடியிருப்பு உரிமை கோருபவர் ஏ2 நிலையை மெய்ப்பிக்க வேண்டும். 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குடியுரிமைக்கு பி1 வேண்டும்.

சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் ஈழத்தமிழர் கணிசமாக வாழ்கிறார்கள். போருக்கு அஞ்சி வெளியேறியவர்களும் அவர்தம் பிள்ளைகளும். வீட்டுவேலையும் முதியோரைப் பேணுவதும் அவர்களில் பலருக்கு வாழ்வாதாரம். நகரின் காவல் புனிதையான சாந்தா ரோசாலியாவின் குகைக்கோயிலுக்கு, கத்தோலிக்கர் மட்டுமின்றிச் சைவர்களும் பெல்லெக்ரினோ மலையேறிச் செல்வதைப் பலர் பதிவு செய்துள்ளனர். படுக்கையில் கிடக்கும் ஒரு சிசிலி மூதாட்டியின் வலியை அவர் முனகலிலிருந்து புரிந்துகொள்ளும் ஒரு பெண்ணின் மொழியறிவு எந்த நிலை? மூதாட்டி பேசுவதோ பாடநூலில் இல்லாத சிசிலி வழக்கு. தேர்வுத் தாளில் வினைத்திரிபு பிழைத்தால் அந்த அறிவுக்கு மதிப்பெண் இல்லை.

சான்றிதழும் அறிவும் விலகி நிற்பது புதிதன்று. ஜேம்ஸ் ஜாய்ஸ் திரியெஸ்தே நகரில் வாழ்ந்தபோது இத்தாலியச் செய்தித்தாளில் கட்டுரை எழுதியவர்; தம் பிள்ளைகளோடு இறுதிவரை இத்தாலியத்தில் பேசியவர். 1912இல் இத்தாலியப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் தகுதிக்காகப் பாதுவாவில் தேர்வெழுதி உயர்ந்த மதிப்பெண் பெற்றார். அவருடைய டப்ளின் பட்டத்தை இத்தாலிய அதிகாரிகள் ஏற்காததால் வேலை கிடைக்கவில்லை.

*

எங்கள் கேள்விக்கு மிக நெருங்கிய விடையை நாங்கள் கண்டது ப்ரீமோ லெவியிடம். 1947இல் வெளிவந்த அவருடைய ஆஷ்விட்ஸ் நினைவுகளில் ஓர் இத்தாலியப் பாடம் வருகிறது. 1944ஆம் ஆண்டு. ழான் என்னும் அல்சாஸ் பகுதி மாணவன், கைதிகளின் வேலைக்குழுவில் ஏவலாளாக இருக்கிறான். பிரெஞ்சும் ஜெர்மனும் பேசுபவன். அன்றைய சூப்பு அண்டாவைத் தூக்கிவரத் துணைக்கு லெவியை அழைத்துக்கொள்கிறான். சமையற்கூடம் வரை நடக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம். வழியில், இத்தாலியம் கற்க ஆசை என்கிறான் ழான். ஏன் இப்போதே தொடங்கக்கூடாது?

சூப்பு, வயல், தண்ணீர் என்று கண்ணெதிரே உள்ளவற்றோடு பாடம் தொடங்குகிறது. பிறகு ஏனென்று அறியாமலே லெவிக்குத் தாந்தேயின் நரக காண்டத்து இருபத்தாறாம் சருக்கம் நினைவுக்கு வருகிறது. முதுமையிலும் கரை தங்காமல், எல்லை கடந்த கடலுக்குத் தோழர்களை அழைத்துச் செல்லும் யுலிஸஸின் பேச்சு அது. அடி அடியாகச் சொல்லி, கொச்சைப் பிரெஞ்சில் பொருள் விளக்குகிறார். நடுவே அடிகள் மறந்துபோகின்றன. விடுபட்ட அடிகளை இணைக்க முடிந்தால் அன்றைய சூப்பையே கொடுத்துவிடுவேன் என்று எழுதுகிறார். பசியால் மனிதர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் எழுந்த நினைப்பு அது. மனிதர் விலங்காக வாழப் பிறந்தவர் அல்லர் என்று யுலிஸஸ் நினைவூட்டும் இடம் வந்தபோது, தாமே அதை முதன்முறையாகக் கேட்பது போல லெவி அதிர்கிறார். ழான் மீண்டும் சொல்லக் கேட்கிறான். அதற்குள் சூப்பு வரிசை வந்துவிடுகிறது.

இங்கே மாணவனின் நிலை பூஜ்யம். ஆசிரியரோ வேதியியலாளர், மனப்பாடமும் முழுமையாக இல்லை. ஒரு மணி நேரத்தில் ழான் கற்ற இத்தாலியம் எந்தத் தேர்விலும் தேறாது. ஆனால் அவன் அந்த ஒரு மணி நேரத்தை லெவிக்குக் கொடுத்தான். லெவி தம்மிடம் எஞ்சியிருந்ததை அவனுக்குக் கொடுத்தார். இருவரும் முகாமிலிருந்து உயிரோடு திரும்பினர். போருக்குப் பின்னும் நண்பர்களாக இருந்தனர்.

*

நம் பக்கத்திலிருந்து ஒருவரை நினைத்து முடிப்பது பொருந்தும். 1680இல் வட இத்தாலியின் காஸ்திலியோனே ஊரில் பிறந்த பெஸ்கி, தமிழகம் வந்து வீரமாமுனிவர் ஆனார். புலவர்களுக்குத் தேம்பாவணியும் தொன்னூல் விளக்கமும் தந்த அவர், தம்மைப் போல வந்திறங்கும் ஐரோப்பியப் பாதிரிமாருக்காக லத்தீன் மொழியில் இலக்கணமும் எழுதினார். அதையும் ஒன்றாக எழுதவில்லை. மக்களோடு பேசுவதற்குக் கொடுந்தமிழ் இலக்கணம், நூல்களைப் படிப்பதற்குச் செந்தமிழ் இலக்கணம் என இரண்டாகச் செய்தார். கற்பவன் எதற்காக வந்தான் என்று முதலில் கேட்டுவிட்டே எவ்வளவு வேண்டும் என்பதை அவர் தீர்மானித்தார். தாய்நாட்டில் ஏட்டு மொழிக்கும் வீட்டு மொழிக்கும் இடையே இருந்த தொலைவைக் கண்டு வளர்ந்த ஒருவருக்கு அந்த நுண்ணறிவு இயல்பாகவே வாய்த்திருக்கலாம்.

எங்கள் நண்பர்கள் மூவரும் இன்னும் கற்கிறார்கள். மகளைப் பார்க்கப் போனவர் திரும்பி வந்துவிட்டார். காய்கறிக் கடைக்காரரோடு விலை பேசி வென்ற கதையை எங்களுக்கு மூன்று முறை சொல்லிவிட்டார். இசைப் பிரியர் மொஸார்ட்டின் ஒரு பாடலை முழுவதும் சொல் பிரித்துக் கேட்கிறார். தாந்தேயைத் தேடிப் போனவர் நரக காண்டத்தின் ஐந்தாம் சருக்கத்தில் இருக்கிறார். ஓர் அமர்வுக்கு ஆறு செய்யுள் என்ற கீட்ஸின் கணக்குக்கு மேல் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார். அடுத்த கூட்டத்தில் அவர் அந்தச் சருக்கத்தை இத்தாலியத்திலேயே எங்களுக்குப் படித்துக்காட்ட இருக்கிறார். எங்களில் பெரும்பாலோருக்குப் பொருள் விளங்காது. ஆனாலும் கேட்கக் காத்திருக்கிறோம்.